இறங்காத தோள்

“எனக்கு ஒண்ணும் இல்லம்மா. தோள் ஏறியிருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. அதான் வந்தேன்” என்றான் காளத்தி.

குழலியம்மா கழன்றுபோன சைக்கிள் செயினை மாட்டிக்கொண்டிருந்தார். கை முழுக்க கிரீஸ். நிமிர்ந்து பார்த்தார்.

காளத்தியின் வலது தோள், காதுக்கு ரகசியம் சொல்லப் போவதுபோல மேலே நின்றது.

“நீங்க என்ன சொல்றீங்கண்ணே?”

“ரெண்டும் ஒரே மட்டமாத்தான் இருக்கு. கண்ணாடியிலகூடப் பார்த்தேன்.”

“என்ன தெரிஞ்சுது?”

“எங்க வீட்டுக் கண்ணாடி கோணல்.”

குழலியம்மா சிரிக்கவில்லை. “உள்ள வந்து படுங்க” என்றார்.

ஆற்றுக்கு அக்கரையில், தென்னந்தோப்புக்கு நடுவே இருந்தது அந்த ஓட்டுக் கூடம். காலையில் ஆசனம், மாலையில் தியானம், இடையில் தோட்ட வேலை. அங்கே வேறு விசேஷம் ஒன்றும் கிடையாது. குழலியம்மாவுக்கு முப்பதைத் தாண்டிக் கொஞ்சம்தான் இருக்கும். காளத்தியோ ஐம்பதை நெருங்கியவன். இந்தச் சின்னப் பெண் நம்மை என்ன செய்துவிடப் போகிறது என்று அவனுக்கு உள்ளூர ஓர் இளக்காரம் இருந்தது. வேறு போக்கிடம் இல்லை என்பதும் தெரிந்திருந்தது.

காளத்தி சாமி தூக்குகிறவன்.

இக்கரையிலிருக்கும் சிவன் கோயிலில் உற்சவரான சந்திரசேகரர் வீதியுலா வரும்போது, வாகனத்துக்கு அடியில் கட்டிய நீள மூங்கில் தண்டுகளைத் தோளில் ஏந்தி நடக்கிற குடும்பங்கள் சில உண்டு. அவனுடையது அதில் ஒன்று. வலப்பக்கத் தண்டில் முதல் இடம் அவனுக்கு. அவன் அப்பா நின்ற இடம் அது. சாமியின் எடை தோளில் இறங்குவதைவிடப் பெரிய பேறு அந்தத் தெருக்காரர்களுக்குக் கிடையாது. அதைப் பாரம் என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

சில மாதமாகச் சாமி இடப்பக்கம் சாய்ந்தே வந்துகொண்டிருந்தார். மாலை நழுவியது. ஒரு கையால் தீபாராதனை, மறு கையால் மாலை என்று குருக்கள் படாத பாடு பட்டார். சாமிக்கும் வாதம் வந்துவிட்டதா என்று தெருவில் கேலி பேசினார்கள்.

தூக்குகிறவர்களுக்குத் தலைவர் ஏகாம்பரம். காளத்தியின் மச்சான்தான் என்றாலும் சாமி விஷயத்தில் உறவு பார்க்காதவர்.

“மச்சான், எண்ணெய் போடு, வைத்தியரைப் பாரு, என்னமோ பண்ணு” என்றார். “பங்குனி உற்சவம் வருது. அதுக்குள்ள தோள் இறங்கலேன்னா, ரிஷப வாகனத்தன்னிக்கு நீ குடை பிடி.”

குடை பிடிப்பதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் அப்பா நின்ற இடத்தில் இன்னொருவன் நிற்க, தான் பக்கத்தில் குடையோடு நடப்பதைக் காளத்தியால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நினைத்தால் சோறு இறங்கவில்லை.

எண்ணெய் போட்டான். மாத்திரை விழுங்கினான். துணிப்பட்டி கட்டினான். தோள் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இப்போது பாயில் மல்லாந்து படுத்திருந்தான்.

“உடம்பைத் தளர விடுங்க.”

“விட்டாச்சு.”

குழலியம்மா அவன் வலது மணிக்கட்டைப் பிடித்து மெல்லத் தூக்கினார். கை லேசாக வந்தது. வேண்டியதற்கு மேலேயே லேசாக வந்தது.

“கை இப்ப என்கிட்ட இருக்கா, உங்ககிட்ட இருக்கா?”

“உங்ககிட்டதாம்மா.”

அவர் பிடியை விட்டார்.

காளத்தியின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

குழலியம்மா எழுந்து போனார். குழாயடியில் கிரீஸைத் தேய்த்துக் கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

கை நின்றுகொண்டிருந்தது.

“இப்ப யார்கிட்ட இருக்கு?”

காளத்தி கண்ணைத் திறந்தான். மேலே நின்ற கையைப் பார்த்தான். அது யாருடைய கை என்று ஒரு நொடி அவனுக்கே சந்தேகம் வந்தது. வெடுக்கென்று கீழே போட்டுக்கொண்டான்.

“நாளைக்கும் வாங்க” என்றார் குழலியம்மா.

மறுநாள் உட்கார வைத்தார்.

“இடது தோளைக் காதுவரைக்கும் தூக்குங்க.”

தூக்கினான். போய்க்கொண்டே இருந்தது.

“விடுங்க. இப்ப வலது தோள்.”

தூக்கினான். தூக்கப் பார்த்தான்.

“என்னண்ணே?”

“மேல போக இடமே இல்லம்மா.”

“ஏன்?”

வீட்டுக் கண்ணாடி நேராகத்தான் இருந்திருக்கிறது.

அன்றிலிருந்து அவன் முனைப்பாகத் தளர ஆரம்பித்தான். விடிவதற்கு முன்பே மரப்பாலத்தைக் கடந்து வந்துவிடுவான். பாயை விரிப்பான். பல்லைக் கடித்துக்கொண்டு தளருவான்.

குழலியம்மா குனிந்து பார்த்தார்.

“முகத்தை ஏன் இப்படி வெச்சிருக்கீங்க?”

“தளர்த்துறேம்மா.”

“நல்லா வேர்க்குது.”

“விட மாட்டேன். ஒரு கை பார்த்துடுறேன்.”

“அண்ணே, எழுந்திரிங்க. இனிமே தளர்த்தவே வேணாம்.”

“கைவிட்டுட்டீங்களாம்மா?”

“நான் கேக்கும்போது தோள் எங்க இருக்குன்னு சொல்லுங்க. அது போதும்.”

“சொல்லிட்டு இறக்கிடணுமா?”

“வேணாம். சொன்னா போதும்.”

இதென்ன வைத்தியம் என்று காளத்திக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் இருந்தான்.

வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது தோப்பின் அந்தக் கோடியிலிருந்து குரல் வரும். “அண்ணே, தோள்!”

“மேல இருக்கும்மா!”

சாப்பிடும்போது ரசத்தை ஊற்றியபடியே கேட்பார். “தோள்?”

“மேல.”

தியானத்தில் எல்லோரும் கண்ணை மூடி இருக்கும்போது பக்கத்தில் வந்து, காதுக்கும் தோளுக்கும் நடுவில் விரலை வைத்துப் பார்ப்பார். விரல் நுழையாது. அடுத்தவரிடம் போய்விடுவார்.

கேட்டுக் கேட்டு, கேட்காதபோதும் காளத்திக்குத் தெரிய ஆரம்பித்தது. டீ டம்ளரை யாரோ பிடுங்க வருவதுபோல இறுக்கிப் பிடிக்கிறான். பாலத்தைக் கடக்கும்போது கைப்பிடியோடு சேர்த்து மூச்சையும் பிடித்துக்கொள்கிறான். பல் துலக்கினால் தாடை இறுகுகிறது. செருப்பை மாட்டுவதற்குக்கூடத் தோள் ஓடி வந்து உதவி செய்கிறது.

“செருப்பு மாட்ட தோள் எதுக்கும்மா?” என்று ஒருநாள் வெட்கத்தோடு கேட்டான்.

“அதுகிட்டயே கேளுங்க.”

“கேட்டா சொல்லுமா?”

“கேட்டுட்டு அவசரப்படாம இருந்தா சொல்லும்.”

இடையில் பிரதோஷம் வந்தது. சாமி பிரகாரத்தைச் சுற்றி வர வேண்டும். காளத்தி போனான்.

அவனுக்கு நேர் பின்னால், அதே தண்டில் நிற்பவன் சொக்கன். தெற்கு வீதிக்காரன், பேச்சு குறைந்தவன். எல்லோரும் தோளில் ஒரு துண்டை மடித்துப் போட்டுக்கொண்டார்கள். சொக்கன் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

காளத்தி திரும்பிப் பார்த்தான்.

“தலகாணியையும் எடுத்துட்டு வந்திருக்கலாமேடா! வலி பொறுக்காதவன் எல்லாம் சாமி தூக்க வந்துட்டான்.”

எல்லோரும் சிரித்தார்கள். சொக்கன் தலை குனிந்தான்.

“மேல்!” என்றார் ஏகாம்பரம். சாமி எழுந்தார். வழக்கம்போல இடப்பக்கம் சாய்ந்தார். ஏகாம்பரம் காளத்தியைப் பார்த்த பார்வையில் குடை தெரிந்தது.

அடுத்த நாள் மாலை. கூடத்தில் மற்றவர்கள் போய்விட்டார்கள். காளத்தி பாயில் படுத்திருந்தான். வெளியே ஆற்றுச் சத்தம். அவன் எதையும் செய்யவில்லை. தோள் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு மட்டும் கிடந்தான்.

தோள் இறங்கியது.

கொஞ்சம்தான். ஒரு விரற்கடை இருக்கலாம்.

“ஐயோ! விழுந்துடும்!”

காளத்தி துள்ளி எழுந்து உட்கார்ந்துவிட்டான். வலது தோள் பழையபடி காதோடு போய் ஒட்டிக்கொண்டது.

குழலியம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“எது விழுந்துடும்?”

காளத்தி சுற்றும் முற்றும் பார்த்தான். விழுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அவனும் பாயும் தரையும்தான்.

“சாமி” என்றான்.

பிறகு சொன்னான். போன திருக்கார்த்திகையன்று மழை. சாமி தெற்கு வீதி முனை திரும்புகிறார். சொக்கனின் கால் சாக்கடைப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. தண்டு சரிந்தது. சாமி சரிந்தார். கூட்டம் அலறியது. காளத்தி பல்லைக் கடித்து, தோளால் ஓர் உந்து உந்தி, அப்படியே நிறுத்தினான். சொக்கன் எழுந்து நிற்கிறவரை நிறுத்தினான்.

“ஊரே சொல்லிச்சும்மா. காளத்தி இல்லேன்னா சாமி தெருவுலன்னு.”

“நல்லா இருந்துச்சா?”

“எது?”

“ஊர் சொன்னது.”

காளத்தி பாயின் கோரையை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தான்.

“இருந்துச்சும்மா. ரொம்ப நல்லா இருந்துச்சு.”

சொன்னதும் அவனுக்குக் கூச்சமாக இருந்தது. கூச்சத்தோடு அழுகையும் வந்தது. ஐம்பது வயதில் ஒரு சின்னப் பெண்ணுக்கு எதிரில் அழுகிறோமே என்றுகூடத் தோன்றவில்லை.

“அன்னிலேர்ந்து கொஞ்சம் கூடுதலாவே தூக்குறேன். யாரு விட்டாலும் நான் விடக் கூடாதுன்னு. இறக்கி வெச்ச பிறகும் எனக்கு இறக்கி வெச்சாப்புல இல்லம்மா. வீட்டுலயும் தூக்கிட்டேதான் இருக்கேன் போல.”

குழலியம்மா முகம் துடைக்கத் துண்டை நீட்டினார்.

“சொக்கன் எங்க நிப்பாரு?”

“எனக்கு நேர் பின்னால. அதே தண்டுல.”

“அவர் தோள் எங்க இருக்கு?”

காளத்திக்குத் தன் தோள் எங்கே என்பதே இப்போதுதான் தெரிய ஆரம்பித்திருக்கிறது.

“தெரியலம்மா. நான் பார்த்ததே இல்ல.”

“சரி” என்று சொல்லிவிட்டு அவர் விளக்கேற்றப் போனார்.

பங்குனி உற்சவக் கொடி ஏறியது. அதற்குப் பிறகு காளத்தியால் அக்கரைக்குப் போக முடியவில்லை. காப்புக் கட்டிக்கொண்டவர்கள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

ரிஷப வாகனத்தன்று சாயங்காலம் ஏகாம்பரம் அவனைக் கோபுர வாசலில் நிறுத்தி வைத்துப் பார்த்தார். மாட்டுச் சந்தையில் பார்ப்பதுபோல முன்னாலும் பின்னாலும் நடந்து பார்த்தார்.

“கொஞ்சம் இறங்கியிருக்கு. பத்தாது.”

“மச்சான், ஒரு தடவை...”

“கிழக்கு வீதி முழுக்கப் பார்ப்பேன். சாமி சாய்ஞ்சாருன்னா தெற்கு வீதி முனையிலயே நீ வெளிய வந்துடணும். குடையை நானே வெச்சிருக்கேன்.”

சொன்னபடியே குடையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

“மேல்!”

வெள்ளி ரிஷபம் எழுந்தது. நாகஸ்வரம் தொடங்கியது. காளத்தி காலெடுத்து வைத்தான்.

கிழக்கு வீதியில் பாதி தூரம் போவதற்குள் மாலை நழுவியது. குருக்கள் எட்டிப் பிடித்தார். ஏகாம்பரம் குடையைக் கை மாற்றிக்கொண்டார்.

இறங்கு, இறங்கு என்று காளத்தி தன் தோளை மனதுக்குள் கெஞ்சினான். கெஞ்சக் கெஞ்ச அது ஏறியது. கண்ணில் நீர் முட்டியது. தெற்கு வீதி முனை தெரிந்தது. சாக்கடை ஓரத்துப் பள்ளமும் தெரிந்தது.

தண்டை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

அண்ணே, தோள்!

யாரும் கூப்பிடவில்லை. அக்கரை வெகு தூரத்தில் இருந்தது.

“மேல இருக்கும்மா” என்று காளத்தி வாய்க்குள் சொன்னான்.

சொன்னா போதும் என்றுதானே அவர் சொல்லியிருந்தார். அவன் கெஞ்சுவதை நிறுத்தினான்.

தாடை இறுகியிருந்தது. தெரிந்தது. தண்டைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. தண்டை வெறுமனே தொட்டுக்கொண்டிருக்க வேண்டிய கை அது. மூச்சு எங்கோ நெஞ்சுக்குழியில் நின்றிருந்தது. தோள் தண்டை மேலே முட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் மேலே, பாயில் படுத்தபடி தூக்கிய கை ஒன்று இன்னும் அந்தரத்தில் நிற்பதுபோல அவனுக்குத் தோன்றியது.

பிடித்துக்கொண்டிருப்பது யார்?

விரல்கள் முதலில் பிரிந்தன. மூச்சு இறங்கியது. பிறகு, அவன் கேட்காமலே, தோள் இறங்கியது.

தண்டு அவனோடு கூடவே இறங்கி வந்து தோளில் உட்கார்ந்தது. இத்தனை நாளும் அவன் அதை முட்டியிருக்கிறான். இன்றுதான் அது உட்கார்ந்திருக்கிறது.

பின்னாலிருந்து “ஹா” என்று ஒரு சத்தம் கேட்டது. சொக்கனின் குரல்.

போச்சு, கால் வழுக்கிவிட்டது! காளத்தியின் தோள் விசுக்கென்று எழப் பார்த்தது. எழப் பார்ப்பதை அவன் பார்த்தான். எழவில்லை.

ஓர் அடி வைத்தான். இன்னொரு அடி. சாமி வந்துகொண்டுதான் இருந்தார்.

பள்ளம் பின்னால் போனது. சாமி முனை திரும்பினார். மாலை நேராகத் தொங்கியது. வெகு நாளைக்குப் பிறகு குருக்கள் இரண்டு கையாலும் தீபாராதனை காட்டினார். ஏகாம்பரம் குடையைக் குடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தார். அதைக்கூடக் காளத்தி கவனிக்கவில்லை. பின்னாலிருந்து வரும் மூச்சையே கேட்டுக்கொண்டு நடந்தான்.

மண்டகப்படிப் பந்தலில் நிறுத்தம். தண்டுகளுக்குக் கீழே தாங்குகட்டைகளை ஊன்றினார்கள். வாகனம் கட்டைகளில் நின்றது. எல்லோரும் வெளியே வந்து பானகத்துக்கு ஓடினார்கள். நிறுத்தத்தில்கூடத் தண்டை விட்டு நகராதவன் என்று பேர் வாங்கிய காளத்தியும் வெளியே வந்தான்.

சொக்கன் மட்டும் ஓடவில்லை. தோளில் அடுக்கியிருந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் கண்ணீர்.

“என்னடா, வலிக்குதா?”

“இல்லண்ணே.”

“பின்ன ஏன் மெத்தையை எடுக்குறே? இன்னும் பாதி வீதி இருக்கு.”

சொக்கன் கடைசித் துண்டையும் உதறி இடுப்பில் கட்டிக்கொண்டான். வெறும் தோளை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டான்.

“இது வலிக்கு வெச்சதில்லண்ணே” என்றான். “கார்த்திகைலேர்ந்து எனக்குத் தண்டு எட்டல. எத்தனை மடிச்சு வெச்சாலும் எட்டல. கையால தொட்டுக்கிட்டு, தூக்குறாப்புல சும்மாவே நடந்து வந்தேன். கால் தவறுனதுக்கு சாமி என்னைத் தள்ளி வெச்சுட்டாருன்னு நெனச்சேன். யார்கிட்டயும் சொல்லல.”

தலகாணி என்று தான் சொன்னது காளத்தியின் காதில் கேட்டது. சொக்கனின் தோளைப் பார்த்தான். அது அவனுடைய தோள் இத்தனை நாள் நின்ற உயரத்தைவிட நான்கு விரற்கடை தாழ்ந்து, அமைதியாக, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

“இப்ப எட்டுதாடா?”

சொக்கன் பதில் சொல்வதற்குள் ஏகாம்பரம் கை தட்டினார். எல்லோரும் ஓடி வந்து தண்டுக்கு அடியில் குனிந்தார்கள். கட்டைகளை எடுத்தார்கள்.

“மேல்!”

காளத்தி எழுந்தான். தோள் எங்கே இருக்கிறது என்று பார்த்தான். பின்னால் காதை வைத்துக்கொண்டான்.

“தோளுக்கு வந்துட்டாருண்ணே” என்றான் சொக்கன்.